பத்து ஐம்பத்திரண்டு

திரையில் 09:14 என்று விழுந்தது. வசந்தாமணி கழுத்தைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. கையில் கட்டியிருந்ததையும் பார்த்தாள், மேஜையில் கிடந்த செல்போனையும் தட்டிப் பார்த்தாள், எல்லாம் மத்தியானம் இரண்டே முக்கால் என்றுதான் சாதித்தன. இந்தக் கிழட்டு சர்வர் மட்டும் காலை ஒன்பது பதினான்கு என்கிறது. காலை ஒன்பது பதினான்குக்கு அவள் காலேஜ் பஸ்ஸில் காவிரிப் பாலத்தின் மேல் இருந்தாள், மடியில் டிபன் டப்பா, சாம்பார் கசியாமல் இருக்க அதை நிமிர்த்திப் பிடித்தபடி, தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு. அப்போது அனுப்பிய செய்தியா இப்போது வருகிறது? இருக்காது, இந்த மெஷினை இன்றைய வேலைக்கு அவள் தொட்டே பத்து நிமிஷம்தான் ஆகிறது. வியாழக்கிழமை தணிக்கைக்கு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் காலேஜில் உள்ள எட்டு சர்வர்களின் லாக்கும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று துணை முதல்வர் நாச்சிமுத்து சார் சொல்லிவிட்டார். லாக் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எதைத் தொட்டார்கள், எது பழுதானது என்று கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு. இத்தனை வருஷம் எட்டும் எட்டு மூலையில் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தன, யாரும் படித்ததில்லை. இனிமேல் எட்டும் எழுதுவதைப் புதிதாக வாங்கிய ஒன்பதாவது மெஷினுக்கு அனுப்ப வேண்டும், அது வாங்கி அடுக்கி வைக்க வேண்டும். காலையிலிருந்து ஏழு மெஷின் ஒழுங்காகச் சொன்ன பேச்சைக் கேட்டன. எட்டாவது, பரீட்சைப் பிரிவு சர்வர், வருகிறேன் என்று வந்துவிட்டு நேரத்தைத் தப்பாகச் சொல்கிறது.

ஏசி குளிரில் விரல் விறைத்தது. சர்வர் அறைக்குள் வரும்போது போட்டுக்கொள்ள வீட்டுக்காரரின் பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள், இன்று அதை எடுக்கவும் மறந்துபோனாள். ஒருவேளை செய்தி எங்காவது மாட்டிக்கொண்டு தாமதமாக வருகிறதோ. தாமதம் என்றால் ஒன்று ஐந்து நிமிஷம் இருக்கும், ஒன்று பத்து நிமிஷம் இருக்கும், அது என்ன கணக்காக அஞ்சரை மணி நேரம். அஞ்சரை. அந்த எண்ணைக் கேட்ட மாதிரி இருந்தது, எங்கே என்று வரவில்லை. பழைய லாக்கில் ஒரு பழக்கம் உண்டு, மாதம், தேதி, மணி, நிமிஷம், நொடி, அவ்வளவுதான் எழுதும். வருஷமும் எழுதாது, எந்த ஊர் நேரம் என்றும் எழுதாது. ஊரை விட்டு வெளியே போகாதவனுக்கு விலாசம் எதற்கு என்ற தைரியம். அப்படி எழுதச் சொல்லும் வரி ஒன்று அமைப்புக் கோப்பில் இருக்கிறது. அந்த வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டுவிட்டால் வரி செத்துவிடும், அப்புறம் நேரத்தை முழு விலாசத்தோடு எழுதும். அனுப்புகிற எட்டாவது, வாங்குகிற ஒன்பதாவது, இரண்டு மெஷினிலும் அவள் அதைத் தேடி, குறியைப் போட்டு, அனுப்பும் விதத்தையும் மாற்றி, சேவையை நிறுத்தித் திரும்பக் கிளப்பினாள். எரிச்சலோடுதான் செய்தாள். சாயங்காலம் நாலே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், தக்காளி வாங்க வேண்டும், இந்த மெஷினோடு மல்லுக்கட்ட அவளுக்கு நேரம் இல்லை. எதையும் எதிர்பார்க்காமல்தான் திரையைப் பார்த்தாள். புதுச் செய்தி ஒன்று விழுந்தது, ஒன்பது பதினெட்டு, அதன் வாலில் ஒரு கூட்டல் குறி, அப்புறம் இரண்டு பூஜ்யம், ஒரு புள்ளிக்கு மேல் புள்ளி, இன்னும் இரண்டு பூஜ்யம். மற்ற ஏழு மெஷினுக்கும் வாலில் ஐந்து முப்பது என்று இருந்தது. இந்தியாவின் நேரம். இதற்கு மட்டும் பூஜ்யம், பூஜ்யம். லண்டன் நேரம்.

அவள் கணக்குப் போட்டுப் பார்க்கும் முன்பே உடம்புக்குத் தெரிந்துவிட்டது, கை இரண்டும் விசைப்பலகையை விட்டுத் தாமாக எழுந்து மடிக்கு வந்துவிட்டன. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் இந்த சர்வரைப் பொருத்திக் கொடுத்த கம்பெனி ஆள் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டு வண்டி ஏறினான், ஊர் நேரத்தை வைக்கவே இல்லை. அது அன்றிலிருந்து லண்டன் நேரத்திலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பார்ப்பது தங்கள் மேஜைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை, அது சரியாகத்தான் ஓடியது. லாக்கை யார் திறந்து பார்த்தார்கள்? ஒரே ஒருத்தி, ஒரே ஒரு தடவை. பத்து ஐம்பத்திரண்டு. பத்து ஐம்பத்திரண்டோடு அஞ்சரையைக் கூட்டு. பத்தும் ஐந்தும் பதினைந்து, ஐம்பத்திரண்டும் முப்பதும் எண்பத்திரண்டு, அதில் அறுபது போனால் இருபத்திரண்டு, ஒரு மணி ஏறும், பதினாறு. பதினாறு இருபத்திரண்டு. சாயங்காலம் நாலு இருபத்திரண்டு. அவள் திரும்பக் கூட்டினாள். ப்ளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு வாங்கியவள் விரலை மடக்கிக் கூட்டினாள். நாலு இருபத்திரண்டுதான் வந்தது.

அந்தப் பத்து ஐம்பத்திரண்டுக்குத்தான் செங்கோட்டுவேலுவின் வேலை போனது. போன வருஷம் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. வேலு பரீட்சைப் பிரிவில் இருந்தான், அந்த சர்வர் அவன் பொறுப்பு, ஒன்பது வருஷ சர்வீஸ். திங்கட்கிழமை காலையில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் நூற்று எண்பத்து மூன்று பிள்ளைகளின் அகமதிப்பீட்டு மார்க்கைக் காணோம், யாரோ அழித்திருந்தார்கள். பையன்கள் கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், தாளாளருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. அந்த சர்வருக்குள் போக வசந்தாமணிக்கு உரிமை கொடுத்து, லாக்கை எடுத்துக் கொடு என்று கேட்டார்கள், அவள் எடுத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமை ராத்திரி தொடங்கித் திங்கள் காலை வரைக்கும் மார்க் ஏற்றும் திரையைத் தொடாமல் நேராக சர்வருக்குள் நுழையும் பின்வாசல் வழியாக உள்ளே போனது ஒரே ஒரு தடவை, வேலுவின் பெயரில், வெள்ளிக்கிழமை பத்து ஐம்பத்திரண்டுக்கு. அந்த நேரத்தில் அறையில் இருந்தது வேலு மட்டும்தான், மற்றவர்கள் எல்லாரும் ஆடிட்டோரியத்தில் கூட்டத்தில் இருந்தார்கள், அவளும் மூன்றாவது வரிசையில் ஃபேனுக்கு அடியில் இருந்தாள். பிரிண்ட் எடுத்த தாளில் அந்த வரி மேல் மஞ்சள் ஹைலைட்டரை ஓட்டியது அவள்தான். யாரும் ஓட்டச் சொல்லவில்லை, பார்க்கிறவர்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று அவளாக ஓட்டினாள். அவ்வளவு நேர்த்தி அவளுக்கு.

விசாரணை நடந்த அறையில் வேலு உட்காரவில்லை, உட்காரச் சொல்லியும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பத்து அம்பத்திரண்டுங்களா சார்? வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலமுங்க. நான் அந்த நேரத்துல ஒண்ணும் தொறக்க மாட்டனுங்க. ஆர வேண்ணாலும் கேட்டுப் பாருங்க." நாச்சிமுத்து சார் சிரித்தார், பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். வசந்தாமணியும் சிரித்தாள். அவள் சிரித்ததில் ஆச்சரியம் இல்லை, அவளுடைய அப்பா பகுத்தறிவு பேசி ஊர் பகையைச் சம்பாதித்தவர், ராகு காலம் பார்த்து அதற்குள்தான் அவளுக்குத் தாலி கட்ட வைத்தார். ஆனால் வேலு பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் பத்தரைக்குப் பேனா மூடியைக்கூடக் கழற்ற மாட்டான், பழைய ஃபைலைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பான், எத்தனையோ வெள்ளிக்கிழமை அவளே கேலி செய்திருக்கிறாள். அது தெரிந்தும் சிரித்தாளா? சிரித்தாள். மெஷின் பொய் சொல்லாது சார், என்றும் சொன்னாள். சொன்னாளா, இல்லை நாச்சிமுத்து சார் சொல்லி அவள் தலையாட்டினாளா? அந்த இடத்தில் ஞாபகம் வழுக்குகிறது. வேலு அப்போது அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவன் பார்க்கிற மாதிரி பார்த்தான். அவள் தாளைச் சரிசெய்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள், ரெண்டும் ஒரே மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்ததை அந்த அறையில் யாரும் பார்க்கவில்லை.

கதவு திறந்து பாவாயி டீயோடு வந்தாள். இந்தக் காலேஜில் துணை முதல்வருக்கும் அவள்தான் டீ கொடுக்கிறாள், கழிவறையும் அவள்தான் கழுவுகிறாள், எல்லாருடைய முகத்தையும் படிக்கிறவளும் அவள்தான். "ஏங் கண்ணு, மூஞ்சி இப்புடி வெளுத்துக் கெடக்குது? இந்த ஐஸ் பொட்டிக்குள்ளார உக்காந்துக்கிட்டு." வசந்தாமணி ஒன்றும் இல்லை என்றாள். "காலையில சாப்பிட்டியா இல்லியா? ஸ்வெட்டரையும் காணோம்," என்று பாவாயியே ஆணியிலிருந்து எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டு டம்ளரை வைத்தாள். பாவாயிக்கு வேலுவின் பேச்சை எடுத்தால் போதும், அந்தப் பையன் என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பெரியம்மான்னுதான் கூப்பிடுவான் என்று ஆரம்பித்துவிடுவாள். இன்று எடுக்காமல் போனாளே என்று இருந்தது. எடுத்திருந்தால் அழுதிருப்போம் என்றும் இருந்தது. கதவு மூடிக்கொண்டது. டீயில் ஆடை கட்ட ஆரம்பித்தது.

நாலு இருபத்திரண்டு. வேலு அன்று மூன்று மணிக்கே பர்மிஷன் போட்டுக் கிளம்பிவிட்டான், மறுநாள் காலையில் தங்கச்சி மகனுக்குத் திருச்செங்கோட்டில் காது குத்து. தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும், நான் போகாமல் எப்படிங்க்கா, என்று சொல்லிவிட்டு, சீர்த் தட்டுக்குப் பழம் வாங்க வேண்டும் என்று ஓடினான். நாலு மணிக்கு நாச்சிமுத்து சார் வந்து நின்றார், மெக்கானிக்கல் மூன்றாம் வருஷப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் உடனே வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும், உடனே என்றால் உடனே. அப்போது அவளுக்கு அந்த சர்வரில் நுழைய உரிமை இல்லை, பரீட்சை விஷயம், ரகசியம். வேலுவுக்குப் போன் போட்டாள். பஸ்ஸுக்குள் இருந்தான், கண்டக்டர் விசில் கேட்டது. "நம்ம ஐடியிலயே போயி எடுத்துக் குடுத்துருங்க்கா, பாஸ்வேர்டு அர்த்தநாரி பதினெட்டுங்க, வேற ஆருக்கும் சொல்லீராதீங்க." உள்ளே போனாள். பட்டியல் எடுக்கும்போது இடம் போதவில்லை, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று மெஷின் மறுத்தது. நாச்சிமுத்து சார் பின்னால் நின்று பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார், யார் ஐடியில் போகிறாள் என்று கேட்கவும் இல்லை, திரையைப் பார்க்கவும் இல்லை. எதையாவது கழித்தால் இடம் கிடைக்கும் என்று தேடினாள், கண்ணில் பட்டது ஒரு பெயர், குப்பை. ஆங்கில எழுத்தில், கே யு பி பி ஏ ஐ. வேண்டாததைப் போட்டு வைத்திருக்கிறான் போல என்று நினைத்து அழித்தாள். இரண்டு விநாடி வேலை. பட்டியல் வந்தது, சார் போனார், அவள் பஸ்ஸைப் பிடித்தாள்.

குப்பை என்றால் என்னவென்று விசாரணையில்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை அந்த மார்க் பதிவு கெட்டுப்போய், இரண்டு தடவையும் வேலு முதலிலிருந்து ஏற்றினான். மூன்றாம் தடவை ஏற்றும்போது அதற்கு அந்தப் பெயரை வைத்தான். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கி, குப்பையன், குப்பாயி என்று பெயர் வைப்பார்களே, எமன் வந்தாலும் இது எதற்கு என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று, அந்த மாதிரி. "கண்ணு படாம இருக்கட்டும்னு வெச்சனுங்க சார்," என்றான், அதற்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் வசந்தாமணி சேரவில்லை, அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் குனிந்து தாளைப் பார்த்தாள். குப்பையா? நானும் ஒரு குப்பையை அழித்தேனே. ஆனால் கையில் தாள் இருந்தது, தாளில் பத்து ஐம்பத்திரண்டு இருந்தது. காலையிலேயே அவன் அழித்துவிட்டான் என்றால் சாயங்காலம் அவள் அழித்தது எதை? செத்த பாம்பை அடித்திருப்போம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். இல்லாததை அழிக்கச் சொன்னால் மெஷின் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். அன்று என்ன சொன்னது? இல்லை என்றதா, சரி என்றதா? அவள் ஒரு வருஷமாக அந்தத் திரையைத் திரும்பத் திரும்பக் கண் முன்னால் கொண்டுவரப் பார்க்கிறாள், கறுப்புத் திரை வரும், வெள்ளை எழுத்து வரும், பின்னால் சார் பேனாவைத் தட்டும் சத்தம் வரும், பதில் வரும் இடத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. இல்லை என்று சொல்லியிருந்தால் நின்று யோசித்திருப்பாளே. இடம் எப்படிக் கிடைத்தது? இல்லாததை அழித்து இடம் கிடைக்குமா? சோறு வடிக்கும்போது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தது, கஞ்சித் தண்ணீர் கையில் பட்டது, கேள்வி போய்விட்டது. போய்விட்டதா, அனுப்பிவிட்டாளா.

இன்னொன்று இருந்தது. அதை நினைக்கக்கூடாது என்று அவள் எழுந்து நின்றாள், நின்றதும் அதுவும் கூடவே எழுந்து நின்றது. லாக்கில் ஒரே ஒரு தடவைதான் இருந்தது. வேலு காலையில் போயிருந்தால் ஒன்று, அவள் சாயங்காலம் போனது ஒன்று, இரண்டு இருக்க வேண்டும். இரண்டாவது எங்கே? அதை அன்றைக்கே பார்த்தாள். பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் மேலும் கீழும் நகர்த்தித் தேடினாள், நாலு மணிக்கு ஒன்றும் இல்லை, தன் தடத்தைக் காணோம். அப்போது அவளுக்கு என்ன தோன்றியது? மெஷினில் ஏதோ கோளாறு, இந்த லாக்கை நம்பக்கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். சம்பளம் அதற்குத்தான் கொடுக்கிறார்கள். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்தவன் பாஸ்வேர்டில் உள்ளே போனது தெரிந்தால் மெமோ வரும், அது தெரியாமல் போனதே என்று சந்தோஷப்பட்டாள், மெய்யாகவே சந்தோஷப்பட்டாள், அன்று வீட்டுக்குப் போகும்போது பிள்ளைக்கு முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு போனாள். அந்த ஒரு வரி அவளுடைய வரி. மஞ்சள் பூசியது தன் மேலேயேதான். லாக் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த ஊரின் நேரத்தை அது சரியாகத்தான் சொன்னது, பொய்யை வேண்டிப் படித்தவள் இவள். ஐயோ என்று வாய் விட்டுச் சொன்னாள். சர்வர் விசிறிகளின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தாள். மஞ்சள் மண்டியில் மூட்டைக்கு நம்பர் போடுகிறான் என்று பாவாயி சொல்லியிருந்தாள், சட்டை, விரல் நுனி, காது மடல் எல்லாம் மஞ்சள் பொடி. வேறு எந்தக் காலேஜும் சேர்க்கவில்லை, மார்க்கை அழித்தவன் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால் யார் சேர்ப்பார்கள். யாரோ சொந்தக்காரப் பையன் ஃபெயிலானதற்காக அழித்தான் என்று ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள், கதை அவனுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. யார் முதலில் முகத்தைத் திருப்பினார்கள்? அவன்தான் திருப்பினான், குற்றம் செய்தவனுக்குக் குறுகுறுக்கத்தானே செய்யும் என்று அன்று நினைத்துக்கொண்டாள். இப்போது அந்த இடத்தைத் திரும்பப் பார்த்தால் அவன் நின்ற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தான், மூணாம் நம்பர் பஸ்ஸின் பின்னால் போய் நின்றது இவள். செல்போன் அடித்தது, நாச்சிமுத்து சார். "என்ன வசந்தாமணி, முடிஞ்சுதா? ஏழு வருதாமா, எட்டாவது என்னாச்சு?" நேரம் கொஞ்சம் ஒத்து வரலீங்க சார், என்றாள். "அதெல்லாம் சரி பண்ணி உட்டுரும்மா, வியாழக்கெழம மானம் போகக்கூடாது." சரி பண்ணிவிடலாம். ஒரே ஒரு கட்டளை, ஊர் நேரத்தை மாற்றிவிட்டால் இனிமேல் வருவதெல்லாம் ஒழுங்காக வரும், இத்தனை நாள் தப்பாக ஓடியது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பழைய லாக்கெல்லாம் எப்போதோ கழிந்துபோனது, இருப்பது அந்த ஒரு தாள், அதுவும் ஏதோ பீரோவில். அவளுக்கு வேலை இருக்கும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாம், வேலு மூட்டைக்கு நம்பர் போடுவான், உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. கட்டளையை அடித்தாள். முழுதும் அடித்துவிட்டாள், எண்டர் பொத்தான் மேல் சுண்டுவிரலை வைத்து அழுத்தாமல் வைத்திருந்தாள். ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாளோ, ஐந்து நிமிஷமோ. அப்புறம் அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பூஜ்யம் பூஜ்யம் என்று விழுந்துகொண்டிருந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்தாள், பக்கத்தில் மற்ற ஏழையும் சேர்த்து எடுத்தாள், ஸ்வெட்டரோடு வெளியே வந்தாள். வராந்தா வெயில் முகத்தில் அடித்தது. நடந்துகொண்டே வேலுவின் நம்பரைப் போட்டாள்.

மூன்றாவது ரிங்கில் எடுத்தான். பின்னால் யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க்கா."

ஒரு வருஷம் ஆகியும் அவள் நம்பரை அவன் வைத்திருந்தான். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று படிக்கட்டில் இறங்கும்போது நினைத்து வைத்ததெல்லாம் போய்விட்டது.

"வேலு, அந்த மெஷின்ல மணி தப்பு. அஞ்சரை மணி நேரம் பின்னால எழுதியிருக்குது. பத்து அம்பத்திரண்டு இல்ல, சாயங்காலம் நாலு இருவத்திரண்டு. உள்ள போனது நாந்தான். குப்பையை அழிச்சது நாந்தான் வேலு."

எண்ணுகிற குரல் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று போய்க்கொண்டிருந்தது.

"தெரியுமுங்க்கா," என்றான்.

அவள் நின்றுவிட்டாள். எதிரே வந்த பிள்ளைகள் இரண்டு பேர் ஒதுங்கிப் போனார்கள்.

"எப்புடித் தெரியும்? இன்னிக்குத்தான எனக்கே..."

"மணியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் தொடலீங்க. பாஸ்வேர்டு நம்ம ரண்டு பேருக்குத்தான் தெரியும். அப்பறம் வேற ஆருங்க?"

"அப்பறம் ஏன் அங்க சொல்லல?"

"சொன்னா மணி ஒத்து வரலியேம்பாங்க. உங்களுக்கும் வேல போயிரும்." யாரோ குறுக்கே நம்பர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தான். "அதுவும் இல்லீங்க. நீங்க அங்கயேதான உக்காந்திருந்தீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க."

எனக்குத் தெரியாது வேலு, சத்தியமாக எனக்கு அன்றைக்குத் தெரியாது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லிவிட்டால் பாதி பாரம் குறையும். காணாமல் போன அந்த இரண்டாவது தடம் குறுக்கே வந்து நின்றது, முட்டை பப்ஸ் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"சொல்லல வேலு," என்றாள். "நான் சொல்லல."

"இப்ப என்னத்துக்குங்க்கா. உடுங்க."

"போனை வெச்சராத. அப்படியே இரு."

நாச்சிமுத்து சாரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து, முடிஞ்சுதா என்றார். அவள் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவர் மேஜையில் வைத்தாள், பக்கத்தில் தாள்களை வைத்தாள். உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க சார். உங்ககிட்டப் பேசோணும். வேலு லைன்ல இருக்கறான்."

"எந்த வேலு?" என்றார் நாச்சிமுத்து சார்.

போனுக்குள் மூட்டை எண்ணும் சத்தம் தள்ளிப் போயிருந்தது. வேலு ஓரமாக எங்கோ நடந்து வந்து நின்றிருக்க வேண்டும், அவன் மூச்சு விடுவது அறையில் நன்றாகக் கேட்டது.

"நாம வெளிய அனுப்புன வேலுங்க சார்," என்றாள் வசந்தாமணி. "அனுப்பியிருக்க வேண்டியது என்னையத்தானுங்க."